எழுபது வயது வேடம், அறுபது ஆண்டு மேடை: ‘மார்க் ட்வைன் டுநைட்!’ ஓராள் நாடகம் குறித்த நிகழ்வு ஆய்வு

1954ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லாக் ஹேவன் என்ற சிற்றூரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மேடையில், 29 வயது நடிகர் ஒருவர் 70 வயதுக் கிழவராக வேடமிட்டுத் தனியே வந்து நின்றார். அவருடன் பேச வேறு நடிகர் இல்லை. காட்சி மாற்றம் இல்லை, கதை என்று சொல்லும்படியாகவும் எதுவும் இல்லை. நடிகரின் பெயர் ஹால் ஹால்புரூக். அவர் ஏற்ற வேடம் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வைன். 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் ஓய்வை அறிவிக்கும் வரை, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, இதே வேடத்தை அவர் 2,000 முறைக்கு மேல் மேடையேற்றினார். ‘மார்க் ட்வைன் டுநைட்!’ என்ற இந்த ஓராள் நாடகம், ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையை ஒரே நடிகர் மேடையில் நிறுத்துவது எப்படி என்ற கேள்விக்குக் கிடைத்திருக்கும் மிக நீண்ட செயல்முறைச் சான்று என்பதால், அதை ஒரு நிகழ்வாக எடுத்துக்கொண்டு ஆராய்வது பயனுள்ளது.

எழுத்தாளரைப் பற்றிய ஓராள் நாடகம் என்றதும், பிறப்பு, இளமை, வறுமை, முதல் நூல், புகழ், இறப்பு என்று வரிசையாகச் சொல்லும் ஒரு படைப்பே பலருடைய நினைவுக்கு வரும். அப்படி எழுதப்படும் பிரதிகளில் பெரும்பாலானவை மேடையில் வாய்விட்டுப் படிக்கப்பட்ட வாழ்க்கைக் குறிப்பாகவே நின்றுவிடுகின்றன. ஹால்புரூக் அந்த வழியில் போகவில்லை. அவருடைய மேடையில் ட்வைன் தன் வாழ்க்கையைச் சொல்வதற்காக வருவதில்லை. ஒரு மாலைப்பொழுதில் ரசிகர்களிடம் சொற்பொழிவாற்ற வருகிறார், அவ்வளவே. வாழ்க்கை அந்தப் பேச்சின் இடுக்குகள் வழியாகக் கசிகிறது. இந்த நாடகத்தின் வலிமைக்கும், அது எட்டாமல் விட்ட இடங்களுக்கும் இந்த ஒரு முடிவுதான் வேர் என்பது என் கருத்து.

தொடக்கம்

ஹால்புரூக் 1925ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோர் விட்டுப் போய்விட, தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்தில் பணிபுரிந்துவிட்டு, ஒகையோவில் உள்ள டெனிசன் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். அங்கே நாடக ஆசிரியராக இருந்த எட்வர்ட் ரைட்டின் வழிகாட்டலில், ஹால்புரூக்கும் அவர் மனைவி ரூபியும் சேர்ந்து, வரலாற்றில் புகழ்பெற்ற மனிதர்களைச் சிறு சிறு காட்சிகளாக நடித்துக் காட்டும் ஒரு நிகழ்ச்சியை உருவாக்கினர். அதில் ஒரு காட்சிக்கு ட்வைன் எழுதிய ஒரு நகைச்சுவைத் துணுக்கே அடிப்படை: பேட்டி எடுக்க வரும் பத்திரிகையாளரை ட்வைன் தன் விடைகளால் தலைசுற்ற வைக்கும் துணுக்கு அது. ரூபி கேள்வி கேட்பார், ஹால்புரூக் பதில் சொல்வார்.

இந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு தம்பதியர் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதிகளில் பள்ளி பள்ளியாகப் பயணம் செய்தனர். ஒரே பருவத்தில் 300க்கும் மேற்பட்ட காட்சிகள். பிழைப்புக்காக மேற்கொண்ட இந்த அலைச்சலில் ஹால்புரூக் பெற்ற பயிற்சி எந்த நாடகப் பள்ளியிலும் கிடைத்திருக்காது. ட்வைன் யார் என்றே அறியாத, கேட்க விருப்பமும் இல்லாத மாணவக் கூட்டத்தை, முதல் இரண்டு நிமிடங்களுக்குள் தன் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. பின்னர் குழந்தை பிறந்து, இருவரும் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றுவது இயலாமல் போனபோதுதான், தனியாளாக நின்று நடத்தக்கூடிய ஒன்றை அவர் தேட வேண்டி வந்தது. கேள்வி கேட்டவர் விலகிக்கொள்ள, பதில் சொன்னவர் மட்டும் மேடையில் எஞ்சினார். ஓராள் நாடகம் என்பது ஒரு கலைக் கொள்கையிலிருந்து இங்கே பிறக்கவில்லை. வீட்டு நிலைமையிலிருந்து பிறந்தது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேள்வி கேட்பவர் போன பிறகு, அந்த இடத்தை யாரைக் கொண்டு நிரப்புவது என்பதே நாடகத்தின் மையச் சிக்கலாயிற்று. ஹால்புரூக் அந்த இடத்தில் அரங்கில் அமர்ந்திருந்த பார்வையாளர்களை உட்கார்த்தினார்.

லாக் ஹேவனுக்குப் பிறகு நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் ஓர் இரவு விடுதியில் நடித்தார். எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 1956ஆம் ஆண்டு தோன்றினார். 1959 ஏப்ரலில் நியூயார்க்கில் ஒரு சிறிய அரங்கில் முழு நாடகமாக அது நடத்தப்பட்டபோதுதான் விமர்சகர்களின் கவனம் அவர்மீது விழுந்தது. 1966இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக வட்டாரமான பிராட்வேயின் லாங்ஏக்கர் அரங்கில் மேடையேறி, சிறந்த நடிகருக்கான, அமெரிக்க நாடக உலகின் உயரிய டோனி விருதைப் பெற்றுத் தந்தது. 1967 மார்ச்சில் சிபிஎஸ் தொலைக்காட்சி அதை 90 நிமிட நிகழ்ச்சியாக ஒளிபரப்பியது. மீண்டும் 1977இலும் 2005இலும் பிராட்வேக்கு வந்தது. அந்தக் கடைசி முறை அவருக்கு வயது 80.

யாரிடம் பேசுகிறார், ஏன் பேசுகிறார்

ஓராள் நாடகம் எழுதுகிறவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இது. ஒரு மனிதர் இரண்டு மணி நேரம் தனியே நின்று பேசிக்கொண்டிருக்கிறார் என்றால், அதற்கு மேடைக்குள்ளேயே ஒரு நியாயம் வேண்டும். அந்த நியாயம் இல்லாத இடங்களில், காலியான நாற்காலியைப் பார்த்துப் பேசுவது, தொலைபேசியை எடுத்து மறுமுனையில் இல்லாத ஒருவரிடம் கதை சொல்வது, பழைய கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கண்கலங்குவது போன்ற உத்திகள் வந்து புகுந்துவிடுகின்றன.

ட்வைன் விஷயத்தில் இந்த நியாயத்தை வரலாறே தயாராக வைத்திருந்தது. அவர் எழுத்தாளராகப் பெயர் பெற்ற காலத்திலேயே மேடைப் பேச்சாளராகவும் பெயர் பெற்றவர். 1866 அக்டோபர் 2ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் ஹவாய்த் தீவுகளைப் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவுக்கான விளம்பரத்தில், கதவுகள் ஏழு மணிக்குத் திறக்கும், தொல்லை எட்டு மணிக்குத் தொடங்கும் என்று அச்சிட்டிருந்தார். 1884–85இல் நாவலாசிரியர் ஜார்ஜ் கேபிளுடன் சேர்ந்து நகரம் நகரமாகச் சென்று தன் படைப்புகளை மேடையில் சொன்னார். அச்சுக்கோக்கும் இயந்திரம் ஒன்றில் கொட்டிய பணம் வீணாகி, சொந்தப் பதிப்பகமும் 1894இல் நொடித்துப் போனபோது, கடன்காரர்களுக்கு முழுத் தொகையும் திருப்பித் தருவது என்று முடிவெடுத்து, 1895 ஜூலையில் உலகச் சொற்பொழிவுப் பயணம் புறப்பட்டார். அந்தப் பயணம் தொடங்கிய நகரம் கிளீவ்லாந்து. முப்பது ஆண்டு கழித்து ஹால்புரூக் பிறந்ததும் அதே ஊர்தான்; தற்செயல் என்றாலும் மனத்தில் நிற்கும் தற்செயல்.

அந்தப் பயணத்தில்தான் 1896ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ட்வைன் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் இறங்கி, அலகாபாத், காசி, கல்கத்தா, டார்ஜிலிங், லக்னோ, ஆக்ரா, லாகூர் என்று சுற்றியவர், கல்கத்தாவிலிருந்து கப்பலேறி, சென்னையில் ஒரு நாள் நின்று, இலங்கையில் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு, மொரீஷியஸ் நோக்கிப் போனதைத் தன் பயண நூலில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார். நமக்குக் கிடைத்தது அந்த ஒரு வரிதான். ஆனால் மேடை அவருக்கு எவ்வளவு பெரிய வாழ்வாதாரமாக இருந்தது என்பதை அந்தப் பயணத்தின் நீளமே காட்டிவிடும். அறுபதை நெருங்கிய வயதில், உடல்நலக் குறைவோடு, ஓராண்டுக் காலம் கண்டம் விட்டுக் கண்டம் பேசியே கடனில் பெரும்பகுதியை அடைக்க வழிசெய்தார். 1898இல் கடன் முழுவதும் தீர்ந்தது.

ஆகவே, ட்வைன் மேடையில் நின்று நம்மிடம் நேரடியாகப் பேசுகிறார் என்ற அமைப்புக்கு எந்தச் சாக்கும் தேவைப்படவில்லை. அரங்கில் அமர்ந்திருப்பவர் ‘பார்வையாளராக நடிக்கும் பார்வையாளர்’ ஆகிவிடுகிறார். நுழைவுச்சீட்டு வாங்கி 1905ஆம் ஆண்டின் ஒரு சொற்பொழிவுக்கு வந்தவராகத் தன்னை அறியாமலே நடந்துகொள்கிறார். மேடையில் ஒரு பேச்சு மேசை, நூல்கள் கிடக்கும் ஒரு சிறு மேசை, தண்ணீர்க் கூசா, ஒரு நாற்காலி. இவை போதுமாயிருந்தன.

இங்கே இன்னொரு முன்னோடியையும் சொல்ல வேண்டும். ஹால்புரூக்குக்குச் சில ஆண்டுகள் முன்பே, 1951இல், பிரிட்டிஷ் நடிகர் எம்லின் வில்லியம்ஸ் சார்லஸ் டிக்கன்ஸாக வேடமிட்டு, டிக்கன்ஸின் படைப்புகளை மேடையில் வாசித்துக் காட்டினார். டிக்கன்ஸும் தன் காலத்தில் மேடை வாசிப்பால் ஆயிரக்கணக்கானோரை ஈர்த்தவர். 1867ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க்கில் டிக்கன்ஸ் வாசித்தபோது அரங்கில் அமர்ந்து கேட்டவர்களில் இளைஞரான ட்வைனும் ஒருவர். பின்னாளில் தன் மனைவியாகப் போகும் ஒலிவியாவுடன் அன்று அவர் அங்கே இருந்தார்.

எழுதியதைப் பேச்சாக்குவது

ஹால்புரூக்கின் உழைப்பில் வெளியே தெரியாத பகுதி இதுதான். அவர் ட்வைனுக்காகப் புதிய வசனம் எழுதவில்லை. நாவல்கள், பயண நூல்கள், கட்டுரைகள், உரைகள், கடிதங்கள், தன்வரலாற்றுக் குறிப்புகள் ஆகியவற்றிலிருந்து பகுதிகளை எடுத்து, வெட்டி, ஒட்டி, பேச்சோட்டத்துக்கு ஏற்ப இணைத்தார். ஆண்டுகள் செல்லச் செல்லப் பல மணி நேரத்துக்கு வரக்கூடிய அளவு பகுதிகள் அவருடைய மனப்பாடத்தில் சேர்ந்தன. அன்றைய அரங்குக்கும் அன்றைய நாட்டு நடப்புக்கும் ஏற்ப அவற்றில் எதை எடுப்பது, எதை விடுவது என்று அவரே முடிவு செய்தார். நாளிதழில் வந்த செய்தியை ட்வைன் வாயில் போட்டுப் பேச வைப்பது எளிது, கைதட்டலும் உடனே கிடைக்கும். அதைச் செய்வதில்லை என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். நூறாண்டுக்கு முன் எழுதப்பட்ட வரிகளே இன்றைய அரசியல்வாதியைக் குறிப்பதாக ரசிகர் எடுத்துக்கொண்டு சிரித்தால், அந்தச் சிரிப்பு ரசிகருக்குச் சொந்தமானது.

தொகுப்பதும் ஒருவகை நாடகம் எழுதுவதே என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். எந்தப் பகுதிக்குப் பிறகு எது வருகிறது என்பதில்தான் மேடையில் நிற்கும் மனிதரின் குணம் உருவாகிறது. முதலில் சுருட்டு, பொய், அரசியல், பயணம் என்று இலேசான பகுதிகளால் ரசிகர்களைச் சிரிக்க வைத்து, அவர்கள் முழுமையாகத் தளர்ந்து அமர்ந்த பிறகு, மனித இனத்தின் கொடுமையைப் பற்றிய கசப்பான பகுதிகளைக் கொண்டுவருவார். சிரிப்பதற்காகத் திறந்த வாய் மூடுவதற்குள் கசப்பு உள்ளே போய்விடும். கடைசியில் நினைவுகளும் முதுமையும். 70ஆம் பிறந்தநாள் விருந்தில் ட்வைன் ஆற்றிய உரையில், ஒரே சமயத்தில் ஒரு சுருட்டுக்கு மேல் புகைப்பதில்லை என்பதைத் தன் கொள்கையாகச் சொன்னார். இப்படிப்பட்ட வரிகளுக்குப் பஞ்சமே இல்லாத எழுத்தாளர் அவர். வரிகளை மட்டும் அடுக்கினால் அது துணுக்குத் தோரணமாகிவிடும் ஆபத்தும் அதனாலேயே அதிகம். ஹால்புரூக் ஒவ்வொரு வரியையும், அப்போதுதான் அந்தக் கிழவருக்குத் தோன்றியதுபோல, தேடித் தேடிச் சொன்னார்.

இந்தத் தேடலுக்கு ட்வைனே இலக்கணம் வகுத்திருக்கிறார். கேபிளுடன் பயணம் செய்த நாட்களில், தன் நூலிலிருந்து அப்படியே வாசித்தபோது அது எடுபடவில்லை என்று அவர் பின்னாளில் தன்வரலாற்றுக்காகச் சொல்லி எழுதவைத்த குறிப்பில் விளக்குகிறார். எழுத்துநடை விறைப்பானது, வளையாதது. வாய்ப்பேச்சுக்குக் கொண்டுவர வேண்டுமானால் அதை உடைத்து, முறுக்கித் தளர்த்தி, அன்றாடப் பேச்சின் வடிவத்துக்கு மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். அவர் அங்கே எடுத்துக்காட்டும் கதை, ‘ரஃபிங் இட்’ நூலில் வரும் தாத்தாவின் ஆட்டுக்கடாக் கதை. குடிபோதையில் கதை தொடங்கும் ஒருவன், ஒவ்வொரு பெயரும் இன்னொரு பெயரை நினைவூட்ட, கிளைக்குக் கிளை தாவி, கடைசிவரை அந்த ஆட்டுக்கடா என்ன செய்தது என்பதைச் சொல்லாமலே தூங்கிவிடுகிறான். ஹால்புரூக்கின் நிகழ்ச்சியிலும் இந்தக் கதை நீண்ட காலம் இடம்பெற்றது. ஆக, நாவலாசிரியர் ஒருவர் தன் எழுத்தைப் பேச்சாக்க மேற்கொண்ட அதே வேலையை, எழுபது ஆண்டு கழித்து ஒரு நடிகர் மறுபடி செய்தார்.

ஒரு மௌனத்தின் நீளம்

இந்த நிகழ்ச்சியில் இன்னொரு பகுதியை அருகில் சென்று பார்க்கலாம். ‘தங்கக் கை’ என்பது ட்வைன் சிறுவயதில், மிசௌரியில் தன் மாமாவின் பண்ணையில், அடிமையாக இருந்த ஒரு கறுப்பின முதியவர் வாயால் கேட்ட பேய்க்கதை. ஒருவனுடைய மனைவிக்குத் தங்கத்தால் ஆன கை. அவள் இறந்ததும் புதைத்துவிட்டு வந்தவன், ஆசை தாங்காமல் இரவில் போய்த் தோண்டி அந்தக் கையை எடுத்துவருகிறான். காற்றோடு காற்றாக ஒரு குரல், ‘என் தங்கக் கை யாரிடம்?’ என்று கேட்டுக்கொண்டே பின்தொடர்கிறது. குரல் வாசலுக்கு வருகிறது, படியேறுகிறது, கட்டிலருகே நிற்கிறது. இங்கே கதை சொல்பவர் நிறுத்த வேண்டும். அரங்கில் மிகவும் ஒன்றிப்போய்க் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரை, முடிந்தால் ஓர் இளம்பெண்ணை, நிலைகுத்திப் பார்த்தபடி மௌனமாக நின்று, திடீரென்று பாய்ந்து, ‘உன்னிடம்தான்!’ என்று கத்த வேண்டும்.

கதை சொல்வது எப்படி என்பதைப் பற்றி 1895இல் எழுதிய கட்டுரையை ட்வைன் இந்தக் கதையைக் கொண்டுதான் முடிக்கிறார். மௌனம் சரியான நீளத்தில் இருந்தால் அந்தப் பெண் வீறிட்டுக் காலணியிலிருந்து துள்ளிக் குதிப்பாள். நீளம் சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ கதை பாழ் என்கிறார். இந்த மௌனத்தை எந்தப் பிரதியிலும் எழுதிவைக்க முடியாது. ஒவ்வோர் இரவும் அரங்கின் மூச்சைக் கேட்டே அதை அளக்க வேண்டும். ஒரே பகுதியை ஆயிரக்கணக்கான முறை சொன்ன ஒரு நடிகருக்கு அது பழகிப்போகாமல் இருந்ததற்கு, இப்படிப்பட்ட, இரவுக்கு இரவு மாறும் அளவுகளே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

ட்வைனின் குரலை அப்படியே பின்பற்ற ஹால்புரூக்குக்கு வழியில்லை. ஒலிப்பதிவு எதுவும் இன்று எஞ்சவில்லை. கனெக்டிகட் மாநிலத்தில் ட்வைன் வாழ்ந்த வீட்டில் 1909இல் எடிசன் நிறுவனம் எடுத்த சில நிமிடப் படம் உண்டு, அது ஊமைப்படம். ட்வைனின் அண்டை வீட்டுக்காரராக இருந்த நடிகர் வில்லியம் ஜில்லெட், 1934இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ட்வைன் பேசிய விதத்தை நடித்துக்காட்டிய ஒலிப்பதிவு ஒன்று இருக்கிறது. மற்றபடி நேரில் கேட்டவர்களின் குறிப்புகளே சான்று. சொற்களை இழுத்து இழுத்து, அவசரமே இல்லாமல், முகத்தில் சிரிப்பின் சுவடு படாமல் அவர் பேசுவார் என்பதில் அந்தக் குறிப்புகள் ஒத்துப்போகின்றன. ஹால்புரூக் அந்த இழுப்பை எடுத்துக்கொண்டார்.

ஹக்கும் ஜிம்மும்

நிகழ்ச்சியின் கனமான பகுதி ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலிலிருந்து வருவது. எழுபது வயது ட்வைன், தான் படைத்த சிறுவனாக மாறி, அந்தச் சிறுவன் வாயால், தப்பியோடும் அடிமை ஜிம்மின் பேச்சையும் சொல்ல வேண்டும். ஒரே உடலுக்குள் நடிகர், எழுத்தாளர், சிறுவன், அடிமை என்று நான்கு பேர். நாவலின் 16ஆம் அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு இதன் கடினம் புரியும். அடிமையைத் தப்பவிடுவது பாவம் என்று ஊரும் கோவிலும் கற்றுக்கொடுத்ததை நம்பும் ஹக், ஜிம்மைக் காட்டிக்கொடுக்கப் படகில் கிளம்புகிறான். தனக்கிருக்கும் ஒரே நண்பன் நீதான் என்று ஜிம் பின்னாலிருந்து கூவுகிறான். துப்பாக்கியோடு வரும் இருவர், தெப்பத்தில் இருப்பவன் வெள்ளையனா கறுப்பனா என்று கேட்கும்போது, ஹக்கின் வாயில் ‘வெள்ளையன்’ என்ற சொல் வந்துவிடுகிறது. தெப்பத்தில் பெரியம்மை என்று அவர்களை நம்பவைக்கிறான். அவர்கள் அருகில் வர அஞ்சி, ஆளுக்கொரு இருபது டாலர் தங்க நாணயத்தைப் பலகையில் வைத்து மிதக்கவிட்டு ஓடிவிடுகிறார்கள். ஒரு பொய்யால் ஒரு மனிதனைக் காப்பாற்றிவிட்டு, தப்புச் செய்துவிட்டோமே என்று அந்தச் சிறுவன் வருந்துகிறான்.

இதை 1905இல் ஒருவர் சொல்லக் கேட்பது ஒன்று. கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டம் தெருக்களில் நடந்துகொண்டிருந்த 1960களின் அமெரிக்காவில், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் தொலைக்காட்சி பார்க்காத வீடுகளில், 1967இல் கேட்பது வேறொன்று. ஹால்புரூக் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. தன் மனசாட்சி என்று ஹக் நம்புவது உண்மையில் ஊரார் அவனுக்குள் ஊட்டிய விஷம் என்பதை அரங்கில் இருப்பவர்கள் தாங்களே உணர வேண்டும் என்று விட்டுவிட்டார். எழுத்தாளரின் வாழ்க்கையைச் சொல்லும் நாடகத்தில், எழுத்தாளரின் படைப்பு இத்தனை இடம் பிடிப்பது பொருந்துமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அடிமை முறை நிலவிய மாநிலத்தில் பிறந்து, அடிமைகள் வேலை செய்த பண்ணையில் விளையாடி, அதைத் தவறென்று யாரும் தனக்குச் சொல்லாத சிறுவயதைக் கடந்துவந்த ஒருவருக்கு, இந்தப் பகுதியைவிட நெருக்கமான வாழ்க்கை வரலாறு எது என்பது என் எதிர்க்கேள்வி.

ஒப்பனையும் வயதும்

தொடக்க ஆண்டுகளில் ஒப்பனைக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. சுருக்கங்கள், கண்ணின் கீழ்ப் பை, மூக்கு, புருவம், மீசை, பொய்முடி என்று ஒவ்வொன்றாகத் தன் இளமையை மறைக்க வேண்டியிருந்தது. 1967 தொலைக்காட்சிப் பதிவில், மிக அருகில் வரும் கேமராவுக்கு மேடை ஒப்பனை தாங்காது என்பதால், ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் அந்த முகத்தைப் புதிதாக உருவாக்கினார். அந்த வேலைக்குத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருதும் பெற்றார். நான் பார்த்தது இந்தப் பதிவைத்தான். 42 வயது முகம் அந்த வெள்ளை மீசைக்குப் பின்னால் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ட்வைன் 1910 ஏப்ரல் 21ஆம் தேதி, 74ஆம் வயதில் இறந்தார். ஹால்புரூக் 2000ஆம் ஆண்டிலேயே அந்த வயதைத் தாண்டிவிட்டார். அதற்குப் பின் பதினேழு ஆண்டுகள், ட்வைன் வாழ்ந்தறியாத வயதில் இருந்துகொண்டு, தன்னைவிட இளையவரான ட்வைனை அவர் நடித்தார். முதுமையை வரைந்துகொள்ளும் தேவை படிப்படியாகக் குறைந்தது. இளைஞராக இருந்தபோது முதுமையின் தளர்ச்சியை நடித்தவர், முதுமையில் எழுபது வயதுக்காரரின் தெம்பை நடிக்க வேண்டியிருந்தது. நடிகரின் ஆயுளே ஒரு வேடத்தின் உள்ளே நுழைந்து மறுபுறம் வெளியே வந்த இப்படியொரு நிகழ்வு நாடக வரலாற்றில் மிக அரிது.

எட்டாத இடங்கள்

இந்த நாடகத்தின்மீது எனக்குள்ள மதிப்பு, அதன் குறைகளைச் சொல்லத் தடையாக இருக்கக் கூடாது. முதலாவது சிறியது. மேடையில் நாம் காணும் அந்த வெள்ளை உடை, சொற்பொழிவாளர் ட்வைனின் உடை இல்லை. அவர் ஊர் ஊராகப் பேசிய காலத்தில் கறுப்பு மாலைநேர உடையே அணிந்தார். நடுக்குளிர்காலத்தில் வெள்ளை உடையோடு பொது இடத்தில் அவர் தோன்றி எல்லோரையும் வியக்கவைத்தது 1906 டிசம்பரில், பதிப்புரிமைச் சட்டம் பற்றி வாஷிங்டனில் சாட்சியம் அளிக்கப் போனபோது. ஆனால் உலகம் நினைவில் வைத்திருக்கும் ட்வைன் வெள்ளை உடை ட்வைன்தான். வரலாற்றுத் துல்லியத்தைவிட மக்கள் மனத்தில் பதிந்த உருவத்தை ஹால்புரூக் தேர்ந்தெடுத்தார். நான் இதைப் பிழையாகக் கொள்ளவில்லை.

இரண்டாவது குறை பெரியது. 70 வயதில் ட்வைன், பத்தொன்பது மாதக் கைக்குழந்தையாக இறந்த மகனையும், 24 வயதில் இறந்த மகள் சூசியையும், மனைவியையும் இழந்திருந்தவர். 1896 ஆகஸ்டில், உலகச் சொற்பொழிவுப் பயணத்தை முடித்து இங்கிலாந்தில் இருந்தபோது, சூசி ஹார்ட்போர்டில் மூளைக்காய்ச்சலால் இறந்த செய்தி அவருக்கு வந்தது. கடனை அடைப்பதற்காகக் கேட்டவர்களையெல்லாம் சிரிக்கவைத்துத் திரிந்த ஓராண்டின் முடிவில் இது நேர்ந்தது. பொதுமேடைச் சொற்பொழிவு என்ற வடிவத்துக்குள் இந்தத் துயரத்துக்கு இடமில்லை. எந்த எழுத்தாளரும் நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர்களிடம் இதைப் பேசமாட்டார்.

‘தங்கக் கை’ கதையையே எடுத்துக்கொள்வோம். 1891இல் சூசி படித்துக்கொண்டிருந்த பிரின் மார் கல்லூரிக்கு ட்வைன் பேசப் போனார். படித்த தோழிகள் முன் அந்தப் பேய்க்கதை வேண்டாம் என்று மகள் கெஞ்சியிருந்தாள். அவர் அதைச் சொல்லவே செய்தார். சூசி அழுதுகொண்டே அரங்கை விட்டு ஓடினாள். ஹால்புரூக்கின் மேடையில் அந்தக் கதையைக் கேட்டுத் துள்ளும் ரசிகர்களுக்கு, அதன் பின்னால் நிற்கும் அந்தப் பெண் தெரிவதில்லை. சொற்பொழிவு வடிவம் கொடுத்த நியாயத்துக்கு நாடகம் செலுத்திய விலை இது.

லாங்ஏக்கரில் பத்தாண்டு கழித்து

இதே சிக்கலை எதிர்முனையிலிருந்து சந்தித்த ஒரு நாடகம், 1976இல், அதே லாங்ஏக்கர் அரங்கில் மேடையேறியது. வில்லியம் லூஸ் எழுதி, ஜூலி ஹாரிஸ் கவிஞர் எமிலி டிக்கின்சனாக நடித்த ‘தி பெல் ஆஃப் ஆம்ஹர்ஸ்ட்’. டிக்கின்சன் 1830 முதல் 1886 வரை, பெரும்பகுதி வாழ்நாளை மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் ஊரில் தன் தந்தை வீட்டிலேயே கழித்தவர். வீட்டுக்கு வந்தவர்களையும் காண மறுத்து, சில சமயம் கதவுக்குப் பின்னாலிருந்தே பேசியவர். அவர் எழுதிய சுமார் 1,800 கவிதைகளில் அவர் உயிரோடிருந்தபோது அச்சேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இப்படிப்பட்டவர் ஆயிரம் பேர் முன்னால் வாய்திறந்து பேச என்ன நியாயம்?

லூஸ் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. டிக்கின்சன் கேக் எடுத்துக்கொண்டு வருகிறார். பார்வையாளர்களை வீட்டுக்கு வந்த விருந்தினராக வரவேற்று, தன் கறுப்புக் கேக்கின் செய்முறையைச் சொல்கிறார். பத்தொன்பது முட்டை போடும் கேக் அது. அறைக்குள் அழைக்கப்பட்டதும், அரங்கில் இருப்பவர்கள் அந்நியர் என்ற நிலையை இழந்துவிடுகிறார்கள். இங்கே ரகசியம் பேசலாம், தந்தையைப் பற்றிப் பேசலாம், கவிதையைத் திருத்தி அனுப்பிய ஆசிரியரால் பட்ட காயத்தைப் பேசலாம். ட்வைனின் மேடைக்கு எட்டாத அந்தரங்கம் இந்த நாடகத்துக்கு எளிதில் கிடைத்தது. ஜூலி ஹாரிஸுக்கு அது ஐந்தாவது டோனி விருதையும் தந்தது. ஆனால் யாரையும் சந்திக்க விரும்பாத ஒருவரை இத்தனை கலகலப்பாகப் பேசவைத்ததில், அவருடைய மௌனத்தின் அடர்த்தி குறைந்துபோனது என்றே நினைக்கிறேன். ஹால்புரூக் ட்வைனை அவர் உண்மையிலேயே நின்ற இடத்தில் நிறுத்தினார், அதனால் வீட்டுக்குள் போக முடியவில்லை. லூஸ் வீட்டுக்குள் போனார், அதற்காக டிக்கின்சன் ஒருபோதும் திறக்காத கதவைத் திறக்க வேண்டி வந்தது. தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் முதலாவதின் பக்கம் நிற்பேன்.

வேடம் கைமாறும்போது

ஹால்புரூக் 2021 ஜனவரியில், 95ஆம் வயதில் காலமானார். அந்த நாடகம் அவரோடு முடிந்துவிடும் என்றே பலரும் எண்ணியிருந்தனர். ஏனென்றால் அதற்கு நிலையான பிரதி என்று ஒன்று இருந்ததாகச் சொல்வது கடினம். 1959இல் தன் குறிப்புகளோடு சில பகுதிகளை அவர் நூலாக வெளியிட்டார் என்பது உண்மையே. ஆனால் அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளில் சேர்த்தவை, கழித்தவை, ஓர் இரவில் ஒரு வரியை முன்னால் தள்ளி இன்னோர் இரவில் பின்னால் தள்ளியவை எல்லாம் அவர் நினைவில்தான் இருந்தன. ட்வைனின் எழுத்துகளிலும் அந்தக் காலத்தில் புதியவை வெளிவந்தபடி இருந்தன. மதத்தைக் கடுமையாகச் சாடிய ‘லெட்டர்ஸ் ஃப்ரம் தி எர்த்’ 1962இல்தான் அச்சேறியது. நூறாண்டு கழித்தே முழுமையாக வரவேண்டும் என்று ட்வைன் விரும்பிய தன்வரலாற்றின் முதல் தொகுதி 2010இல் வந்தது. மேடையில் இருந்தவருக்கு வயது ஏற ஏற, அவர் நடித்த எழுத்தாளரும் வளர்ந்துகொண்டிருந்தார்.

2025இல் நடிகர் ரிச்சர்ட் தாமஸ், உரிய அனுமதி பெற்று, ‘மார்க் ட்வைன் டுநைட்!’ நாடகத்தை மீண்டும் ஊர் ஊராகக் கொண்டுபோனார். அவர் 1951இல் பிறந்தவர். ட்வைன் இறந்த அதே 74ஆம் வயதில் இந்த வேடத்தை அவர் ஏற்றிருக்கிறார். இருபத்தொன்பது வயதில் தொடங்கி மூன்று மணி நேரம் சுருக்கம் வரைந்துகொண்ட கட்டம் அவருக்குத் தேவையில்லை. ஆனால் ‘தங்கக் கை’ கதையில் அந்தக் கடைசிச் சொல்லுக்கு முன் எவ்வளவு நேரம் மௌனமாக நிற்பது என்பதை, ஒவ்வோர் ஊரின் அரங்கிலும், அவர் முதலிலிருந்து கற்றாக வேண்டும்.